ஜெஸிந்தா டீச்சர் வீட்டுச் சக்கை

பக்கத்து வீட்டுச் சசிரேகா சோப்பு வாங்குவதை நிறுத்திவிட்டாள் என்பதை முதலில் கண்டுபிடித்தவள் நான்தான். இதில் பெருமையடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. எங்கள் இரண்டு வீட்டுக்கும் துணி காயப்போடுகிற கம்பி ஒன்றுதான். அவள் துணியில் சோப்பு வாசம் இல்லையென்றால் என் மூக்குக்குத் தெரியாமல் போகுமா?

கேட்டேன்.

"பூந்திக்கொட்டைங்க்கா. ஊற வெச்சுக் கசக்குனா நொர நொரயா வருது. துணிக்கும் நல்லது, கைக்கும் நல்லது" என்றாள், சிரித்துக்கொண்டே. கேட்ட கேள்விக்குச் சிரித்துக்கொண்டே பதில் சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை.

நாங்கள் இருந்தது குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் நடுவே, மூணுமரம் எஸ்டேட் ஸ்டாஃப் குவார்ட்டர்ஸில். வெள்ளைக்காரன் கட்டிய நீளமான வீடு, பலகைத் தரை. பின்னால் வந்தவர்கள் நடுவில் ஒரு சுவர் எழுப்பி இரண்டாக்கிவிட்டார்கள். இந்தப் பக்கம் நானும் என் வீட்டுக்காரரும், பத்தாவது படிக்கிற மகள் ராஜப்ரியாவும். அவர் பெயர் ஆறுமுகசாமி, எஸ்டேட் ஆபீஸில் கிளார்க். அந்தப் பக்கம் சசிரேகாவும் அவள் புருஷன் நவநீதனும். நவநீதனுக்குக் குடோன் பொறுப்பு. ஃபேக்டரியில் ஆன டீத்தூள் மூட்டை அத்தனைக்கும் சாவி அவனிடம். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், நான் வைத்திருந்தேன்.

தேயிலை விலை விழுந்து கிடந்த காலம் அது. பச்சை இலைக்குச் சொன்ன விலை பறிக்கிற கூலிக்கே கட்டவில்லை. ஏலத்துக்கு அனுப்பிய தூள் கேட்பாரில்லாமல் குடோனிலேயே அடுக்கிக் கிடந்தது. ஃபேக்டரி வாரத்தில் இரண்டு நாள் ஓடினால் அதிசயம். சம்பளம் பாதியாக வந்தது, அதுவும் நினைத்தபோது வந்தது. ஸ்டாஃபுக்கு மாதாமாதம் கொடுக்கிற டீத்தூள் பாக்கெட்டையும் நிறுத்திவிட்டார்கள். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை தேயிலை, வீட்டில் டீ போடத் தூள் வேண்டுமென்றால் கடைக்கு நடக்க வேண்டும். வயிறு எரியுமா எரியாதா?

இந்த எரிச்சலில் எண்ணெய் ஊற்றுகிற மாதிரி மேனேஜர் ஒன்று சொல்லிவிட்டார். தீபாவளிக்கு அப்புறம் ஆபீஸுக்கும் குடோனுக்கும் சேர்த்து ஒரே ஆள்தானாம். என் வீட்டுக்காரர் அல்லது நவநீதன். யாருக்கு வேலை போகிறதோ அவருக்கு வீடும் போகும். எங்களுக்கென்றால் மலைக்குக் கீழே சிங்காநல்லூரில் என் மச்சாண்டார், அதாவது அவருடைய அண்ணன், வீட்டு மாடியில் ஓர் அறை கிடைக்கலாம். அங்கே என் ஓரகத்தியின் கையை எதிர்பார்த்து நிற்பதை நினைத்தாலே எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த நேரத்தில்தான் சசிரேகா இயற்கைக்கு மாறினாள்.

சோப்போடு நிற்கவில்லை. பாத்திரத்துக்கு அடுப்புச் சாம்பல், பித்தளைக்குப் புளிச்சக்கை. எலுமிச்சைத் தோலையும் தைலமரத்து இலையையும் கொதிக்க வைத்து அந்தத் தண்ணீரில் சமையற்கட்டுத் திண்டைத் துடைத்தாள், வீடே ஜலதோஷத்துக்கு ஆவி பிடிக்கிற மாதிரி மணந்தது. பேக்கரி பக்கம் போவதை விட்டாள். மாலையில் கொள்ளு வேகவைத்துத் தாளித்தாள், ராத்திரிக்குப் பெரும்பாலும் அரிசியும் பருப்பும் சாதம். கடைப்பொடி வயிற்றுக்கு ஆகாது என்று செலவு ரசத்துக்கு மிளகு, சீரகம், மல்லி என்று சாமான்களை அவளே இடித்தாள். தேயிலைக்கு நடுவே முளைக்கிற கீரையைப் பறித்துக்கொண்டு வந்து, இதில் என்னென்ன சத்து இருக்கிறது தெரியுமா என்று எனக்கே பாடம் நடத்தினாள்.

எஸ்டேட் ஸ்கூல் ஜெஸிந்தா டீச்சர் மயங்கியே போய்விட்டார். "கெமிக்கலே சேர்க்கிறதில்லை பாருங்க, எவ்வளவு விவரமான பொண்ணு" என்று போகிற வருகிற இடமெல்லாம் சொன்னார். டீச்சருக்கென்ன, புருஷன் துபாயில். அவர் சொன்னதும் குவார்ட்டர்ஸில் பாதிப் பேர் பூந்திக்கொட்டை ஊற வைத்தார்கள். நானும்தான் ஊற வைத்தேன். தோலுக்கு நல்லது என்பதற்காக. வேறு காரணம் ஒன்றுமில்லை.

பிறகு ஒருநாள் வாசலில் கிண்ணத்தோடு வந்து நின்றாள்.

"ஏனுங்க்கா, உங்க ஊட்டு டீச் சக்கைய வீசிப்போடாதீங்க. எனக்குக் குடுங்க."

"எதுக்கு? ரோஜாச் செடிக்கா?"

"பலகைத் தரைக்குங்க்கா. ஈரச் சக்கையைத் தூவி விட்டுக் கூட்டுனா தூசி எழும்பாம அதுலயே ஒட்டிக்கும். பலகையும் மினுமினுங்கும். பழைய பங்களாவுல எல்லாம் இப்படித்தான் கூட்டுவாங்களாம்."

நான் எதையும் லேசில் கொடுத்துவிடுகிறவள் இல்லை. ஆனால் சக்கையைப் போய் இல்லை என்று எப்படிச் சொல்வது? கொடுத்தேன். என் வீடு, டீச்சர் வீடு, மேட்டுக்குவார்ட்டர்ஸில் டிரைவர் ஹெர்பர்ட் வீடு என்று தினமும் சுற்றி வந்து வாங்கினாள். என் சக்கையை வாங்கும்போது மட்டும் கிண்ணத்தை ஒரு நிமிஷம் குனிந்து பார்ப்பாள். ஒன்றும் சொல்லமாட்டாள். இவ்வளவுதானா என்று அளவு பார்க்கிறாள் என்று நினைத்து எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஓசியில் வாங்குகிறதற்கு அளவு வேறா?

என் சந்தேகத்துக்குக் கால் முளைத்தது அதற்கப்புறம்தான். சுவர் ஒன்று, பலகை ஒன்று. அவள் வீட்டில் ஓர் ஊசி விழுந்தால் என் வீட்டில் கேட்கும். மூன்று வீட்டுச் சக்கையை வாங்குகிறவள் அப்படி என்னத்தைக் கூட்டுகிறாள்? துடைப்பச் சத்தம் எல்லார் வீட்டுச் சத்தம் மாதிரிதான் இருந்தது. கூடுதலாக ஒரு இழுப்பு இல்லை.

ஒருநாள் துணி எடுக்கப் பின்பக்கம் போனேன். மூடுபனி இறங்கி எதிரே நிற்கிற மரமே தெரியவில்லை. அவள் வீட்டு வெந்நீர் அடுப்பு மட்டும் சிவப்பாகத் தெரிந்தது. அடுப்புக்கு மேலே ஒரு தகரம், தகரத்தில் பரப்பி வைத்த சக்கை. காய்ந்து, சுருண்டு, கருகருவென்று, நேற்று ஃபேக்டரியிலிருந்து வந்த தூள் மாதிரியே இருந்தது. கிட்டப் போய் விரலால் அளைந்து பார்த்தேன்.

ஈரச் சக்கைதான் தூசியைப் பிடிக்கும் என்று சொன்னவள் அவள்தானே? அப்புறம் எதற்குக் காயவைக்கிறாள்?

அந்த வருஷம் எல்லா ஊரிலும் கலப்படப் பேச்சுதான். டீக்கடைகளில் இருந்து சக்கையை வாங்கி உலர்த்தி, சாயமேற்றி, நல்ல தூளோடு கலந்து விற்கிறார்கள் என்று ரெய்டு நடந்துகொண்டிருந்தது. இங்கே பெண்டாட்டி சக்கையைக் காயவைக்கிறாள். புருஷன் கையில் குடோன் சாவி. நல்ல தூளை அள்ளிக்கொண்டு அந்த இடத்தில் இதைப் போட்டுவிட்டால் மூட்டையின் எடை குறையாதே! இயற்கை, கெமிக்கல் இல்லை என்று இவள் ஆடிய ஆட்டமெல்லாம் இதை மறைக்கத்தான். கண்டுபிடித்துவிட்டேன் என்று எனக்கு உள்ளுக்குள் குதித்தது. உண்மையைச் சொல்கிறேன், சந்தோஷமாக இருந்தது. நவநீதன் மாட்டினால் மிச்சமிருப்பது ஒரே ஆள்தான்.

அன்று சாப்பிடும்போது என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் ரசத்தைக் கையில் உறிஞ்சியபடியே கேட்டார்.

"நீயே பாத்தயா?"

"இந்தக் கையில அளைஞ்சு பாத்தனுங்க."

"நமக்கெதுக்கு சாந்தா அந்தப் பொல்லாப்பு?"

"அப்ப சிங்காநல்லூருக்குப் பொட்டி கட்டட்டுமா?"

சாதத்தை வெறுமே பிசைந்துகொண்டிருந்தார். எதையும் சொல்லாமல் இருந்தால் அவர் முடிவுக்கு வந்துவிட்டார் என்று அர்த்தம்.

மறுநாள் மத்தியானம் ஆபீஸிலிருந்து வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "மேனேஜர் நவநீதன ரூமுல உக்கார வெச்சிருக்கறாரு. சங்கிலி ஊட்டச் சோதன போட வர்றான். நீ பேசாம உள்ள இரு" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். சங்கிலி எஸ்டேட் வாட்ச்மேன்.

பேசாமல் உள்ளே இருக்கிற உடம்பா இது? அவள் முழிக்கிற முழியை என் கண்ணால் பார்க்க வேண்டும். ஒரு கிண்ணத்தில் அன்றைய சக்கையை எடுத்துக்கொண்டேன், போவதற்கு ஒரு சாக்கு வேண்டுமே. கதவைத் தட்டாமலே நேராகச் சமையற்கட்டுக்குப் போனேன்.

சசிரேகா அடுப்பு முன்னால் நின்றிருந்தாள். சட்டியில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. கையிலிருந்த டப்பாவிலிருந்து காய்ந்த சக்கையை ஒரு பிடி அள்ளி அதில் போட்டாள். டப்பாவை மூடி வைத்து, சட்டியை ஒரு கரண்டியால் கிளறி, திரும்பினாள். என்னைப் பார்த்ததும் கரண்டி கையில் அப்படியே நின்றுவிட்டது. பக்கத்தில் இரண்டு டம்ளர், துளி கருப்பட்டி.

நான் சட்டிக்குள் எட்டிப் பார்த்தேன். தண்ணீர் மெல்ல ஒரு நிறத்துக்கு வந்துகொண்டிருந்தது. சிவப்பும் இல்லாமல் மஞ்சளும் இல்லாமல் ஓர் ஏமாற்று நிறம். ஏற்கனவே வெந்த தூளை மறுபடி வேகவைத்தால்தான் அந்த நிறம் வரும். எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள்.

"குடிக்கறதுக்கா?" என்றேன்.

அவள் இந்தத் தடவை சிரிக்கவில்லை. "தூள் வாங்கி ரொம்ப நாள் ஆச்சுங்க்கா. அவுரு குடோன்ல இருந்து ஒரு சிட்டிகை எடுத்தாருன்னா கேக்கறதுக்கு ஆளில்ல. எடுக்கமாட்டேங்கறாரு. டீ இல்லாமயும் அவுருக்கு ஆகாது" என்றாள்.

பூந்திக்கொட்டை, சாம்பல், கொள்ளு, காட்டுக்கீரை. எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக என் முன்னால் வந்து நின்றது. இவள் இயற்கைக்கு மாறவில்லை. கையில் ஒன்றுமில்லாததற்கு இயற்கை என்று பேர் வைத்துக்கொண்டு நாலு பேர் முன்னால் தலை நிமிர்ந்து நடந்திருக்கிறாள். அந்தத் தலையைத்தான் நான் ஆபீஸில் கொண்டுபோய் வைத்திருக்கிறேன்.

வாசலில் செருமல் சத்தம் கேட்டது. "அம்மா, உள்ள வரலாங்களா? மேனேஜர் அனுப்புனாரு."

சசிரேகா என்னைப் பார்த்தாள். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்கு எல்லாம் புரிந்தது. காய்ந்த சக்கையோடு பிடித்தால் கலப்படம் என்பார்கள். குடிக்கத்தான் என்று அவள் உண்மையைச் சொன்னால் குவார்ட்டர்ஸ் முழுக்கச் சிரிப்பார்கள், அதையும் நம்பமாட்டார்கள். டீ எஸ்டேட் குடோன்காரன் வீட்டில் டீத்தூள் இல்லையாமா என்று கேட்பார்கள். நானே கேட்டிருப்பேன்.

அலமாரியில் மூன்று டப்பா இருந்தது. இருப்பதிலேயே பெரியதை, நிறைந்து கருகருவென்று இருந்ததை, எடுத்தேன். சட்டியை அடுப்பிலிருந்து இறக்கி அந்தக் கொதிநீரை அப்படியே டப்பாவுக்குள் கவிழ்த்தேன். "அய்யோ அக்கா" என்றாள் சசிரேகா. நான் அதைக் காதில் வாங்காமல் முன்னறைக்குப் போனேன்.

சங்கிலி நிலைப்படியில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். என்னை அங்கே எதிர்பார்க்கவில்லை.

"வா சங்கிலி, என்ன வேணும்?"

"இந்த ஊட்டுல டீச் சக்கையக் காயவெக்கறாங்கன்னு புகாருங்கம்மா."

"ஆமா, காயவெக்கறா. நானுந்தான் சக்கை குடுக்கறேன், டீச்சரும் குடுக்கறாங்க. எதுக்குன்னு பாக்கோணுமா? பாரு."

டப்பாவைச் சாய்த்து அறை முழுக்கத் தூவினேன். ஆவி பறக்கப் பறக்கப் பலகை மேல் விழுந்தது. மூலையில் இருந்த துடைப்பத்தை எடுத்து, இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு, ஜன்னலடியிலிருந்து கூட்ட ஆரம்பித்தேன். என் வீட்டில்கூட அப்படி ஒருநாளும் கூட்டியதில்லை. கட்டிலுக்கு அடியில், கதவு இடுக்கில், பலகைச் சந்தில். தூசி துளி எழும்பவில்லை, எல்லாம் சக்கையோடு உருண்டு வந்தது. கூட்டிய இடம் ஈரத்தில் பளபளத்தது.

சங்கிலி குனிந்து பலகையைத் தொட்டுப் பார்த்தான். "அட, நெசமாத்தானுங்க. ஆனா ஈரமாவே தூவலாமே, எதுக்குக் காயவெக்கோணும்?" என்றான். என் கேள்வியேதான். என்னை மாதிரியே ஒருவன் எதிரில் நின்று கேட்கும்போது எவ்வளவு அசிங்கமாக இருக்கிறது!

"இந்த மழைக்கு ஈரச் சக்கைய டப்பாவுல போட்டு வெச்சா பூஞ்சை புடிக்காதா? ஒரு வாரத்துது சேத்து வெக்கோணும்னா காயவெச்சுத்தான் வெக்கோணும்."

அவன் தலையாட்டினான். மற்ற டப்பாக்களை ஒப்புக்கு எட்டிப் பார்த்தான். போகிறவன் போயிருக்கலாம். படியில் நின்று, வெகுளியாக ஒன்று சொன்னான்.

"கிளார்க்கு ஐயாதான் மேனேஜர்கிட்டச் சொன்னாரு. ஐயாவுக்கு யாரோ தப்பாச் சொல்லியிருப்பாங்க போல. நீங்களே சொல்றப்ப அப்பறம் என்னங்கம்மா? ஒண்ணுமில்லீன்னு சொல்லிப்போடறேன், நவநீதனையும் அனுப்பச் சொல்றேன்."

அவன் போன பிறகு நான் துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டே நின்றேன். பின்னால் நின்று எல்லாம் கேட்டுக்கொண்டிருந்த சசிரேகாவைத் திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது. ஆபீஸில் சொன்னது யார், அவருக்குச் சொன்னது யார் என்று இனி நான் விளக்க வேண்டியதில்லை. கத்துவாள், காறித் துப்புவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன், அது எனக்குப் பழக்கம்.

சசிரேகா வந்து, கூட்டிக் குவித்து வைத்திருந்ததன் முன்னால் உட்கார்ந்தாள். சக்கையும் மண்ணும் தலைமுடியுமாகக் கிடந்தது. ஒரு விரலால் கிளறிப் பார்த்தாள்.

"இது ஜெஸிந்தா டீச்சர் ஊட்டுச் சக்கைங்க்கா" என்றாள்.

"அதுக்கென்ன?"

"டீச்சர் ஒரே கொதிதான் உடுவாங்க. நல்லாச் சாறு எறங்கும். எங்களுக்கு இந்த வாரம் பூராக் கண்டிருக்கும்."

"அவசரத்துல கைக்கு வந்ததை எடுத்துப்போட்டேன் சசி."

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"அந்தச் சின்ன டப்பாவ எடுத்திருக்கலாமுங்க்கா. அது உங்க ஊட்டுது. அதுல இனி எறங்கறதுக்கு ஒண்ணுமில்லீங்க."

பலகையிலேயே உட்கார்ந்துவிட்டேன். என் வீட்டில் ஒரு தூள் காலை, மாலை, மறுநாள் காலை என்று மூன்று கொதி காண்பது எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன். ராஜப்ரியாவுக்குக்கூட, டீ கெட்டியாகக் குடித்தால் கறுத்துவிடுவாய் என்று சொல்லி வைத்திருந்தேன். நான் அவள் துணியை மோந்து பார்த்த நாளிலெல்லாம் அவள் என் கிண்ணத்தைப் பார்த்திருக்கிறாள்.

"எப்பத் தெரியும்?"

"மொத நாளே தெரியுமுங்க்கா. காயவெச்சுப் போட்டேன், தண்ணி தண்ணியாவே இருந்துது."

"அப்பறம் எதுக்குத் தினமும் வந்து வாங்குன?"

"உங்ககிட்ட மட்டும் வாங்காம உட்டா நீங்க வெசாரிப்பீங்கல்லங்க."

அதற்குமேல் எனக்கு அடக்க முடியவில்லை. சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். ஒரு வார்த்தை டீச்சர் காதில் போட்டிருந்தால் போதும், என் மானம் மேட்டுக்குவார்ட்டர்ஸ் வரை போயிருக்கும். அவள் போடவில்லை. அவள் முறத்தை எடுத்துக் குப்பையை அள்ளிக்கொண்டு பின்பக்கம் போனாள். திரும்பி வந்து, நான் கொண்டுவந்த கிண்ணத்தைக் காலி செய்து, கழுவி, என் பக்கத்தில் வைத்தாள்.

நவநீதன் சாயங்காலம் வந்துவிட்டான். என் வீட்டுக்காரர் அதற்கு அப்புறம் வந்தார். "தரை கூட்டறதுக்குத்தானாமா?" என்றார். "ஆமா" என்றேன். தீபாவளிக்குப் பிறகு யார் பெட்டி கட்டுவது என்பது அப்போதும் முடிவாகவில்லை.

மறுநாள் காலையில் டப்பாவில் இருந்த புதுத் தூளில் தாராளமாக எடுத்துப் போட்டேன். ஒரே கொதி. இறக்கி வடிகட்டினேன். என் வீட்டுக்காரர் ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"என்ன சாந்தா, இன்னைக்கு டீ டீயாட்டவே இருக்குது?"

நான் வடிகட்டியில் இருந்த சக்கையைக் கிண்ணத்தில் தட்டினேன்.

"அது சாயங்காலத்துக்கு வேணுமல்லொ? எங்க எடுத்துட்டுப் போறே?"

"தரை கூட்டறதுக்குங்க" என்றேன்.

சசிரேகா கதவைத் திறந்து கிண்ணத்தை வாங்கிக்கொண்டாள். எப்போதும் போல ஒரு நிமிஷம் குனிந்து பார்த்தாள். ஆவி அவள் முகத்தில் அடித்தது.

"உள்ள வாங்க்கா. தண்ணி வெச்சிருக்கறேன், ஒரு டம்ளர் குடிச்சுட்டுப் போவீங்க" என்றாள்.